பெரியப்பா ரெண்டாவது தடவையும் 2005-ல பொறந்துட்டார்

ஊர்ல இருந்து மும்பை பக்கத்துல டோம்பிவிலி வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு சும்மா டெஸ்க்டாப்ப ஆன் பண்ணி குடும்ப மரத்த (எங்க வம்சாவளிய கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கறது) தெறந்து பாத்தா எங்க பெரியப்பா 2005-ல பொறந்திருக்கார். அவரோட மூத்த பையன் பொறந்தது 1974. எனக்கு வயித்துல புளியக் கரைச்ச மாதிரி ஆகிடுச்சு. ஏன்னா அந்தத் தப்ப நான் ஊர்லயே, அத்தை பக்கத்துல உக்காந்து, என் கையால திருத்தியிருந்தேன்.

அந்தத் தப்பு எப்படி வந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடறேன். பழைய நோட்டு ஒண்ணுல "பார்த்திப வருஷம் ஆவணி மாசம்"னு பெரியப்பா பொறந்த விவரம் இருக்கு. அத்தான் மக அத ஏதோ ஒரு வெப்சைட்ல போட்டுப் பாத்து பார்த்திபன்னா 2005-ன்னு டைப் பண்ணி அனுப்பிட்டா, நானும் பாக்காம ஏத்திட்டேன். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவ திரும்பி வரும்ல, 1945-லயும் பார்த்திப தான், 2005-லயும் பார்த்திப தான். 2005 ஆவணில பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தப்போ நானே பந்தில பரிமாறியிருக்கேன், அப்படியும் கண்ணுல படல பாருங்க.

ஊர்ல அத்தைகிட்ட கேட்டேன். அவங்களுக்கு வருஷக் கணக்கெல்லாம் கெடையாது, சம்பவக் கணக்கு தான். "ஏட்டி, பம்பாய்ல கப்பல் வெடிச்சுதுல்லா, அந்த வருஷம் உங்க தாத்தா பயந்துபோயி கார்த்திகையில ஓடியாந்தாரு, தை முடியுற வரைக்கும் பம்பாய் பக்கம் போவவே இல்ல, மறு ஆவணியில உங்க பெரியப்பன்"னு சொல்லிட்டு சிரிச்சாங்க. கப்பல் வெடிச்சது 1944 ஏப்ரல் 14, விக்டோரியா டாக்ல நின்ன ஃபோர்ட் ஸ்டிகின்ங்கற கப்பல். அப்போ மறு ஆவணின்னா 1945, நோட்டுல இருக்கற பார்த்திபவோட அப்படியே பொருந்துது. நோட்டுக்கு அத்தை சாட்சி, அத்தைக்கு கப்பல் சாட்சி. அதோட அத்தை மூணு சாயங்காலம் உக்காந்து இன்னும் 43 பேரச் சொன்னாங்க, யார் யாருக்கு அக்கா மகளக் கட்டினது, யார் கொழும்புக்குப் போயி திரும்பாதது எல்லாம். அத்தனையும் லேப்டாப்ல அடிச்சேன்.

அந்த 43 பேரும் தான் இப்போ காணோம். பெரியப்பா கூடவே போயிட்டாங்க.

நான் எதுக்கு இத கிளவுட்ல, அதாவது இன்டர்நெட் வழியா ஒரு கம்பெனி குடுக்கற எடத்துல, வெச்சேன்னா அதுக்கும் 2005 தான் காரணம். ஜூலை 26 மழைய மும்பைல இருந்த யாரும் மறந்திருக்க முடியாது, சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர். அப்போ பெரியப்பா வீடு குர்லால, தரைத்தளம். அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க சொந்தக்காரங்க பேர் எடுக்கணும்னு பழைய கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, தாத்தா எழுதின கடுதாசின்னு எல்லாத்தையும் ஒரே டிரங்குப் பெட்டில போட்டு கட்டிலுக்கு அடில வெச்சிருந்தாங்க. மித்தி ஆத்துத் தண்ணி உள்ள வந்து ரெண்டு நாள் நின்னுச்சு. மிஞ்சினது கூழ் தான். அதனால எதுவா இருந்தாலும் ஒரு பிரதி வேற ஊர்ல இருக்கணும்னு எனக்கு ஒரு வெறி. அது சரியான வெறி தான், நான் செஞ்ச விதம் தான் தப்பு.

நான் வெச்சிருக்கறது கிராம்ப்ஸ்னு வம்சாவளி எழுதி வெக்கற ஒரு இலவச சாஃப்ட்வேர், 2001-ல இருந்து ஆர்வலருங்க சேந்து நடத்தற ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட், விண்டோஸ் லினக்ஸ் மேக் எல்லாத்துலயும் ஓடும். அதோட செட்டிங்ஸ்ல டேட்டாபேஸ் எந்த போல்டர்ல இருக்கணும்னு நாமளே மாத்திக்கலாம். அதப் பாத்ததும் எனக்கு பெரிய புத்திசாலின்னு நெனப்பு. வீட்டு டெஸ்க்டாப், என் லேப்டாப் ரெண்டுலயும் கிளவுட் போல்டரக் காட்டி விட்டுட்டேன், இங்க அடிச்சா அங்க தெரியும். நாலு மாசம் ஜம்முனு ஓடுச்சு. ரொம்பி வர்ற ஃபாஸ்ட் லோக்கல்ல தானேல இருந்து திரும்பி வந்து, லேப்டாப்ப பையில இருந்து எடுக்காமலே டெஸ்க்டாப்ல விட்ட எடத்துல இருந்து தொடருவேன். எந்தக் கிளவுட் கம்பெனின்னு சொல்லல, எதுல வெச்சிருந்தாலும் இதே தான் நடந்திருக்கும்.

இப்போ என்ன நடந்துச்சுன்னு நிதானமா யோசிச்சுக் கோத்தது இது. மே மாசம் கல்யாண் ஸ்டேஷன்ல நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் புடிக்கற அவசரத்துல டெஸ்க்டாப்ல கிராம்ப்ஸ மூடாமலே கெளம்பிட்டேன், கம்ப்யூட்டர் அதுபாட்டுக்கு தூங்கப் போயிருச்சு. அம்பாசமுத்திரம் பக்கத்துல ஊருக்குப் போயி லேப்டாப்ல தெறந்தா, மரம் பூட்டியிருக்குன்னு சொல்லுச்சு. கிராம்ப்ஸ் ஒரு மரத்த தெறந்ததும் அந்த போல்டர்ல லாக்னு ஒரு குட்டி பைல் போட்டு வெச்சுக்கும், வேற யாரும் உள்ள வராம இருக்க. பூட்ட உடைக்கட்டுமான்னும் கேட்டுச்சு, உடைச்சா டேட்டா கெடலாம்னு எச்சரிக்கையும் காட்டுச்சு. நம்ம பூட்டு தானன்னு உடைச்சேன். அங்க தான் சனி புடிச்சது.

அப்புறம் ஊர்ல சிக்னல் ஒரே ஒரு கட்டம். அத்தான் வீட்டு மொய் நோட்ட 180 பக்கம் ஸ்கேன் பண்ணி அதே கிளவுட் போல்டர்ல போட்டிருந்தேன், அது ஒண்ணரை ஜிபி கிட்ட. அந்தப் படமெல்லாம் வரிசைல நிக்குது, டேட்டாபேஸ் பைலும் அதுங்க கூட மாட்டிக்கிட்டு மேல போகாமலே கெடந்திருக்கு. அதே நேரம் இங்க வீட்டுக்காரர் ஏதோ பில் கட்ட டெஸ்க்டாப்ப எழுப்பியிருக்கார், தெறந்து கெடந்த கிராம்ப்ஸ ஒழுங்கா மூடியும் விட்டிருக்கார், பாவம் அவர் மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா மூடும்போது கிராம்ப்ஸ் டேட்டாபேஸ்ல சில்லறையா சிலத எழுதும். நாம ஒரு எழுத்து கூட மாத்தலன்னாலும் பைல் புதுசா மாறிடும். அந்தப் 'புது' பைல் மொதல்ல கிளவுட்டுக்குப் போயிடுச்சு. என்னோடது மூணு நாள் கழிச்சு மதுரை தாண்டி வைஃபை கெடச்சப்போ போச்சு.

ரெண்டு பைலும் ஒண்ணுக்கொண்ணு மாறியிருந்தா கிளவுட் என்ன பண்ணும்? உள்ள எட்டிப் பாத்து இந்த 43 பேர அதுல சேத்து விடுமா? விடாது. அதுக்குத் தெரிஞ்சது பைல் மட்டும் தான், பைலுக்குள்ள பெரியப்பா இருக்கறது அதுக்குத் தெரியாது. மொதல்ல வந்ததுக்கு அசல் பேரு, பின்னால வந்ததுக்கு பக்கத்துல கம்ப்யூட்டர் பேரு தேதியெல்லாம் ஒட்டி நீளமா ஒரு பேரு. கிராம்ப்ஸ் தேடறது அசல் பேர மட்டும் தான். அதனால டெஸ்க்டாப்லயும் சரி லேப்டாப்லயும் சரி, பழசு தான் தெறக்கும்.

இதுல நான் பண்ண இன்னொரு கூத்து, வந்த மறுநாளே அந்த நீளப்பேர் பைல போல்டர்ல பாத்தேன். என்ன கருமம் இதுன்னு சுத்தம் பண்றதா நெனச்சு அழிச்சிட்டேன். சிங்க், அதாவது எல்லாக் கம்ப்யூட்டர்லயும் போல்டர ஒரே மாதிரி வெச்சுக்கற ஏற்பாடு, இருக்கறதால லேப்டாப்லயும் தானா அழிஞ்சுது. சிங்க்ங்கறது பேக்கப் இல்லன்னு எத்தனையோ தடவ காதுல விழுந்திருக்கு, மண்டையில ஏறினது அன்னைக்குத் தான். நீங்க அழிச்சா எல்லா எடத்துலயும் ஒரே சுறுசுறுப்போட அழிச்சுக் குடுக்கும்.

நல்ல வேளை, கிளவுட்டோட வெப்சைட்ல குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்கு. என் இலவசக் கணக்குல அழிச்சது 30 நாள் வரைக்கும் அதுல கெடக்கும், நான் பாத்தது பதினோராவது நாள். எடுத்தேன். என் பொண்ணு இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், அவ கிட்ட குடுத்தா, அவ மொதல்ல பண்ண வேலை ரெண்டு கம்ப்யூட்டர்லயும் சிங்க்க நிறுத்தினது. அது ரொம்ப முக்கியம், பதட்டத்துல இருக்கும்போது நாம பண்ற அடுத்த தப்பும் எல்லா எடத்துக்கும் பரவாம இருக்கும். அப்புறம் அந்த பைல பென் டிரைவ்ல ரெண்டு பிரதி எடுத்தா. பிறகு எஸ்க்யூலைட்ல (கிராம்ப்ஸ் உள்ளுக்குள்ள வெச்சிருக்கற டேட்டாபேஸ் அது) பைல் முழுசா இருக்கான்னு பாக்கற கட்டளைய ஓட்டினா, "ஓகே"ன்னு ரெண்டே எழுத்து வந்துச்சு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, அவ "அம்மா டிராமா பண்ணாத"ன்னுட்டா.

அவ சொன்னா, ஓகேன்னு வந்ததே அதிர்ஷ்டம்னு. கிராம்ப்ஸ் இப்போ உள்ளுக்குள்ள எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் தான் வெச்சிருக்கு, பாக்க ஒரே பைல் மாதிரி இருக்கும், ஆனா உள்ள பக்கம் பக்கமா பிரிச்சு எழுதும், எழுதற நேரத்துல பக்கத்துலயே ஜர்னல்னு ஒரு தற்காலிக பைல் போட்டு, நடுவுல கரண்ட் போனா பழைய நெலைக்குத் திரும்ப ஏற்பாடு பண்ணிக்கும். கிளவுட்டுக்கு இதெல்லாம் தெரியாது, பாதி எழுதிட்டு இருக்கும்போதே ஒரு பைல தூக்கிட்டுப் போயி ஜர்னல விட்டுட்டுப் போகலாம். எனக்கு இது மொய் நோட்டு கணக்கா தான் புரிஞ்சுது. மொய் எழுதறவர் பேர எழுதிட்டு தொகைய எழுதறதுக்குள்ள ஒருத்தர் நோட்ட புடுங்கி ஜெராக்ஸ் எடுத்தா எப்படி இருக்கும். அந்த ஜெராக்ஸ அப்புறம் யாரு நம்பறது?

சரி, 43 பேர் இருக்கற பைல் கெடச்சுது, ஆனா அத அப்படியே மாத்தி வைக்க முடியல. ஏன்னா அந்தப் பதினோரு நாள்ல நான் டெஸ்க்டாப்ல அம்மா வழி ஆளுங்க, மாட்டுங்கால இருந்தவங்க ஒன்பது பேரச் சேத்திருந்தேன். (அப்பா பக்கத்த தெறந்தே பாக்கல, அதான் 43 பேர் இல்லாதது தெரியல.) இப்போ ரெண்டு மரம், ரெண்டுலயும் புதுசு இருக்கு.

அண்ணன் பையன் ஒருத்தன் ஜெட்காம் எடுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு இம்போர்ட் பண்ணுங்கன்னான். ஜெட்காம்ங்கறது வம்சாவளி சாஃப்ட்வேருங்க எல்லாத்துக்கும் பொதுவான பைல் வடிவம், 1984-ல மார்மன் சர்ச் உருவாக்கினது, இன்னும் நெறைய பேர் பயன்படுத்தற 5.5.1 பதிப்பு 1999-ல வந்தது. ஒரு சாஃப்ட்வேர விட்டு இன்னொண்ணுக்கு மாற அது நல்லது தான். ஆனா ஆளுங்க ஏற்கெனவே இருக்கற மரத்துக்குள்ள அத இறக்கினா எல்லாரும் ரெட்டிப்பாயிடறாங்க. ஒரு பிரதில பண்ணிப் பாத்தேன், 600 சொச்சம் பேர் 1200-க்கு மேல ஆனாங்க. அப்புறம் ஒண்ணொண்ணா சேக்கணும். நம்ம குடும்பங்கள்ல தாத்தா பேர பேரனுக்கு வைக்கறோம், இன்ஷியலும் ரெண்டு தலைமுறைக்கு ஒரு தடவ அதே எழுத்து வரும், அக்கா மகளக் கட்டினதால ஒரே ஆள் தாய்மாமனாவும் இருப்பார் புருஷனாவும் இருப்பார். இதுல யார் நெசம் யார் நகல்னு பாத்துச் சேக்கறதுக்குள்ள தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கிடுவோம். அந்தப் பிரதிய மூடித் தூக்கிப் போட்டேன்.

கடைசில உதவினது ரொம்ப சாதாரண விஷயம். கிராம்ப்ஸ்ல ஆளுங்க பட்டியல்ல கடைசியா மாத்தின தேதின்னு ஒரு நெடுக்குப் பத்தி இருக்கு, அத வெளில கொண்டாந்து அதுபடி வரிசைப்படுத்தினா புதுசா தொட்டதெல்லாம் மேல வந்து நிக்கும். 43 பேர் இருக்கற மரத்த அசலா வெச்சுக்கிட்டு, இன்னொண்ணுல மேல வந்த ஒன்பது பேர பாத்துப் பாத்து திரும்ப அடிச்சேன். ரெண்டு மணி நேரம், அவ்வளவு தான். முடிச்சதும் சரிபார்க்கற டூல ஓட்டினேன், புள்ள பொறந்த பிறகு பொறந்த அப்பா மாதிரி கூத்தெல்லாம் அது புடிச்சுக் குடுக்கும். பெரியப்பா 1945-ல இருந்தார்.

இப்போ எப்படிப் பண்றேன்னா, டேட்டாபேஸ் போல்டர் அந்தந்த கம்ப்யூட்டர் டிஸ்க்லயே இருக்கு, கிளவுட் பக்கமே போறதில்ல. கிளவுட்ல இருக்கறது பேக்கப் பைல் மட்டும், டாட் கிராம்ப்ஸ்னு முடியும், உள்ள இருக்கறது சுருக்கி வெச்ச எக்ஸ்எம்எல், அதாவது வெறும் எழுத்து. கிராம்ப்ஸ மூடும்போதே தானா ஒரு பேக்கப் எடுத்து நாம சொன்ன போல்டர்ல போட செட்டிங்ஸ்ல வழி இருக்கு, அந்த போல்டர கிளவுட்ல காட்டி விட்டேன். ஒவ்வொண்ணுக்கும் தேதியும் நேரமும் பேர்லயே வர்றதால ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது, மோதலும் வராது. அடுத்த கம்ப்யூட்டர்ல உக்காரும்போது புதுசா ஒரு காலி மரம் போட்டு, இருக்கறதுலயே கடைசி பேக்கப்ப அதுல இறக்கி வேலைய ஆரம்பிக்கறேன். காலி மரம்ங்கறது முக்கியம், பழைய மரத்துக்கு மேலயே இறக்கினா மறுபடி குழப்பம் தான். முடிச்சு மூடினதும் மேல போயிடுச்சுன்னு டிக் வர்ற வரைக்கும் லேப்டாப்ப மூட மாட்டேன், லோக்கல் போனாலும் சரி. கூடுதலா ரெண்டு நிமிஷம் ஆகுது. அந்த ரெண்டு நிமிஷத்துக்கு சோம்பல் பட்டு தான் மொதல்ல அந்தக் குறுக்கு வழிக்கே போனேன்.

அதோட சாவி. வாட்ஸாப்ல நான், பொண்ணு, அத்தான் மூணு பேர் இருக்கற குரூப்ல, மரத்த தெறக்கறவங்க "சாவி என்கிட்ட"ன்னு போடணும், முடிச்சா "சாவி வெச்சாச்சு". வீட்டுக்கு ஒரே சாவி இருந்த காலத்துல எதிர் வீட்டுல குடுத்துட்டுப் போவோமே அதே தான். எந்த டெக்னாலஜியும் இல்ல, ஆனா இதுவரைக்கும் இது தான் வேலை செய்யுது. அத்தான் டைப் பண்றதில்ல, வாய்ஸ் நோட்டும் படமும் அனுப்பறார், நாங்க ஏத்தறோம். பத்து பேர் ஒரே நேரத்துல எழுதற குடும்பம்னா கிராம்ப்ஸ் வெப்னு ஒண்ணு இருக்கு, சர்வர்ல போட்டு எல்லாரும் பிரவுசர்லயே வேலை பாக்கலாம், அது தான் முறையான வழின்னு பொண்ணு சொல்றா. சர்வர யாரு பாத்துக்கறதுன்னு கேட்டேன், ஹாஸ்டலுக்குப் போயிட்டா.

ஸ்கேன் படங்கள் இன்னும் கிளவுட்ல தான், அது பரவால்ல, ஒரு தடவ எடுத்தா மாறாத பைல். ஆனா மரத்துக்குள்ள படம் எந்த எடத்துல இருக்குங்கற வழி டெஸ்க்டாப்போட டிரைவ் எழுத்தோட (C:, D: மாதிரி) முழுசா பதிஞ்சிருந்தா லேப்டாப்ல படம் வராது. படங்களுக்கு மூல போல்டர் எதுன்னு ரெண்டு எடத்துலயும் தனித்தனியா குறிச்சுட்டு, மீடியா மேனேஜர்ல முழு வழிய சார்பு வழியா (மூல போல்டர்ல இருந்து மட்டும் கணக்கு வெக்கற வழி) மாத்தற வசதிய ஒரு தடவ ஓட்டினா சரியாயிடும். ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஒரே வெர்ஷன் வெச்சுக்கோங்க, புது வெர்ஷன்ல தெறந்து மாறின மரத்த பழசுல தெறக்க முடியாது.

நம்மாளுங்களுக்கு மட்டும் உள்ள ஒரு தலைவலி, 'பொன்'. எங்க குடும்பத்துல பாதிப் பேருக்கு பொன்ல தான் பேரு ஆரம்பிக்கும். தேடினா பாதிப் பேர் தான் வர்றாங்க. காரணம், யூனிகோட்ல 'பொ'வுல இருக்கற கொம்பையும் காலையும் ஒரே குறியா எழுதலாம், ஒத்தக்கொம்பு தனியா கால் தனியா ரெண்டு குறியாவும் எழுதலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி, கம்ப்யூட்டருக்கு வேற வேற. அத்தான் பழைய ஃபாண்ட்ல இருந்து மாத்தி ஒட்டினதெல்லாம் ரெண்டாவது ரகம். எல்லாத்தையும் திரும்ப அடிச்சேன். பைல் பேருங்க இப்போ வெறும் இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் தான், மேக், விண்டோஸ்னு மாறும்போது தமிழ்ப் பேர்ல இதே வம்பு வரும்.

ஷேர் லிங்க் பத்தியும் ஒண்ணு. மொய் நோட்டு போல்டர சொந்தக்காரங்க பாக்கட்டும்னு பெருமையா ஃபேமிலி குரூப்ல போட்டேன். அன்னைக்கு ராத்திரியே ஒரு சித்தப்பா போன், "1981-ல எங்கப்பா ஐம்பத்தொண்ணு வெச்சிருக்காரு, உங்கப்பன் திருப்பிச் செஞ்சது பதினொண்ணுதான?"ன்னு. லிங்க்க எடுத்துட்டேன். இப்போ போல்டர் மூணு பேருக்கு மட்டும்.

போன வாரம் அத்தான் அதே நோட்டுல 112-ஆம் பக்கத்த போட்டோ புடிச்சு அனுப்பியிருக்கார், "பம்பாய் கோலிவாடா"ன்னு ஊர் போட்டு ஒரு பேர், 21 ரூபாய். அத்தைக்கும் தெரியல யாருன்னு. ஏத்தலாம்னு உக்காந்தேன், குரூப்ல பாத்தா சாவி பொண்ணுகிட்ட இருக்கு, அவ பரீட்சைன்னு போன ஆஃப் பண்ணி வெச்சிருக்கா. பேப்பர்ல எழுதி கண்ணாடி பீரோல ஒட்டி வெச்சிருக்கேன்.